மாளிகை வங்கியான கதை

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கம் இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்தில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, முன்முற்றத்துடன் ஒரு மூன்று மாடிக் கல்மாளிகை நிற்கிறது. அதன் பெயர் டண்டாஸ் இல்லம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் எடின்பரோ மக்கள் நெரிசலால் திணறியது. எனவே, பழைய நகருக்கு வடக்கே புதுநகர் ஒன்றை அமைக்க முடிவு செய்தனர். 1767இல் ஜேம்ஸ் கிரெய்க் அதற்கு வரைபடம் தயாரித்தார். நடுவே நேரான சாலை, அதன் இரு முனைகளிலும் சதுக்கங்கள், ஒவ்வொரு சதுக்கத்திலும் ஒரு தேவாலயம் என்பது அவரது திட்டம். ஆனால், கிழக்கு முனையில் தேவாலயத்திற்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைச் செல்வந்தரான சர் லாரன்ஸ் டண்டாஸ் வாங்கிக்கொண்டார். 1770களின் தொடக்கத்தில் அங்கே தமது மாளிகையை எழுப்பினார். தேவாலயம் அதே சாலையில் வேறோர் இடத்தில் கட்டப்பட்டது.

மாளிகையை வடிவமைத்தவர் சர் வில்லியம் சேம்பர்ஸ். ஜார்ஜ் என்னும் பெயருடைய மன்னர்கள் பிரிட்டனை ஆண்ட காலம் அது. அக்காலக் கட்டடங்களை 'ஜார்ஜிய' பாணிக் கட்டடங்கள் என்பர். சமச்சீர் அமைப்பே அவற்றின் சிறப்பு. டண்டாஸ் இல்லத்தின் முகப்பிலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும்.

டண்டாஸ் 1781இல் காலமானார். பின்னர் அம்மாளிகை கலால் வரி அலுவலகமாகியது. 1825இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து அதனை வாங்கியது.

குடும்பம் வாழக் கட்டிய அறைகள் வங்கிப் பணிக்குப் போதுமா? வாடிக்கையாளர்கள் கூடுவதற்கு விசாலமான மண்டபம் தேவைப்பட்டது. அதற்காக மாளிகையை இடிக்கவில்லை. 1857இல் ஜான் டிக் பெடி என்னும் கட்டடக்கலைஞரின் வடிவமைப்பில், மாளிகையின் பின்புறத்தில் ஒரு மண்டபம் இணைக்கப்பட்டது. அதன் மேல் பெரிய குவிமாடம் அமைந்தது. மின்விளக்கு இல்லாத காலமாதலால், குவிமாடத்தில் நட்சத்திர வடிவில் திறப்புகள் விட்டுக் கண்ணாடி பதித்தனர். பகலில் அவற்றின் வழியே வெளிச்சம் மண்டபத்தில் பரவியது. நிமிர்ந்து பார்ப்பவருக்கு அது விண்மீன்கள் மின்னும் வானம்போல் தோன்றும்.

முகப்பு பழைமை மாறாமல் நிலைத்தது. பின்புறம் புதிய தேவைக்கு இடம் தந்தது. ஊரார் அனைவருக்கும் உரியதாக இருக்க வேண்டிய நிலத்தில் ஒருவருக்காக எழுந்தது அந்த வீடு. அது வங்கியான பிறகோ, அதன் வாசலைச் சாதாரண மக்களும் கடந்து சென்றனர். பயன்பாட்டில் இருந்ததால்தான் மாளிகையும் காப்பாற்றப்பட்டது.