கல்லெழுத்தும் நினைவட்டையும்

தாம்பரத்துக்கு மேற்கே, ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் அணித்தே அமைந்தது மணிமங்கலம். இந்நாளில் அவ்வட்டாரம் தொழிற்சாலைகளால் பெயர் பெற்றுள்ளது. வரலாறு கற்போரோ இவ்வூரை வேறொரு சிறப்பால் நினைவிற் கொள்வர். ஏழாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் இதுவும் ஒன்று. இங்குள்ள இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் இராசாதிராசன், வீரராசேந்திரன் முதலிய சோழ மன்னர்களின் கல்வெட்டுகள் உள்ளன.

கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுக்கும் முறை உழைப்பு மிக்கது. சுவரைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் படியுமாறு தூரிகையால் தட்டி, மையை ஒற்றுவர். கரிய பரப்பில் எழுத்துகள் வெண்ணிறமாய்த் தோன்றும். மணிமங்கலக் கல்வெட்டுகள் 1899-இல், தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் வரிசையின் மூன்றாம் தொகுதியில் அச்சேறின. மைப்படி இன்றும் வழக்கொழியவில்லை. ஒளிப்படமும் அதற்குத் துணையாய் வந்துள்ளது. வெயில் பக்கவாட்டில் விழும் வேளையில் எடுத்தால், பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்துகள் தெளிவுறும்.

அவ்வாறு எடுத்த படம் ஒளிப்படக் கருவிக்குள் செருகிய ஒரு சிறு நினைவட்டையில் தங்குகின்றது. மெமரி கார்டு என மக்கள் வழங்குவது இதுவே. பரவலாக வழங்கும் எஸ்டி வகை அட்டை 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. கைப்பேசியில் இடுவது விரல்நகத்தளவே இருக்கும். சப்பானியப் பொறியாளர் புசியோ மசுவோக்கா 1980-களில் கண்ட பிளாஷ் நினைவகமே இதன் உயிர்நாடி. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணறைகளில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி, அவற்றால் அமையும் குறிகளைக் கொண்டு படம் முழுவதையும் அது எழுதி வைக்கின்றது. மின்னோட்டம் நின்றபோதும் சிறைப்பட்டவை எளிதில் வெளியேறுவதில்லை.

அட்டையிலுள்ள குறிகளைக் கணினிக்கு எடுத்துரைப்பது கார்டு ரீடர். சில கணினிகளில் அது உடன் அமைந்திருக்கும். பிறவற்றில் யூஎஸ்பி வாயிலில் தனியே செருகவேண்டும். அட்டையை இட்டதும் திரையில் அது ஒரு பெட்டகம்போல் தோன்றும். அதனுள் டிசிஐஎம் என்னும் உறையைத் திறந்தால் படங்கள் வரிசையாய்க் கிடைக்கும். கருவியைச் செய்தவர் எவராயினும் பெரும்பாலும் இப்பெயரே இருக்கும்.

இந்நிலையில் அவசரம் கேடு விளைக்கும். படங்களை நகலெடுத்துக் கணினியில் இட்டபின், அவற்றைத் திறந்து முழுமையாய் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். அதற்குமுன் அட்டையிலுள்ளவற்றை அழிப்பது தகாது. திருப்பணியின்போது கற்கள் இடம் மாறுவதும், மணல் வீச்சால் எழுத்துத் தேய்வதும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் நிகழ்ந்துள்ளன. அத்தகைய இடங்களில் எஞ்சும் சான்று, முன்னர் எடுத்த படியோ படமோதான். எஸ்டி அட்டையின் விளிம்பில் ஒரு சிறு பூட்டு உண்டு. அதைத் தள்ளிவிட்டால் கணினியில் கை தவறினும் படம் அழியாது.

பூட்டை மறந்தவர் தவறி அழித்துவிட்டாலும் உடனே மனந்தளர வேண்டுவதில்லை. அழித்தல் என்பது பெரும்பாலும் கோயிற் சுவரில் சுண்ணாம்பு பூசுவது போன்றதே. பெயர்ப்பட்டியலில் அவ்விடம் காலி எனக் குறிக்கப்படுமேயன்றிப் படம் அப்போதே மறைந்தொழிவதில்லை. சுண்ணாம்பைப் பெயர்த்தால் கல்லெழுத்து மீள்வதுபோல, மீட்பு மென்பொருளால் படத்தையும் மீட்டல் கூடும். அவ்விடத்தைக் கொத்திப் புதிதாய் ஒன்றைப் பொறித்துவிட்டாலோ பழைய எழுத்து மீளாது. ஆகவே, படம் தவறி அழிந்த அட்டையில் மேலும் ஒரு படமும் எடுக்கலாகாது.

வேலை முடிந்ததும், அட்டையை விடுவிக்குமாறு கணினிக்கு ஆணையிட்டபின்னரே அதனை வெளியே எடுக்கவேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அப்பெயர்ப்பட்டியல் சிதைதல் கூடும்.

இனிப் பெயரிடும் பணி எஞ்சியுள்ளது. நீண்ட கல்வெட்டு பல கற்களில் தொடர்ந்து செல்லும்; கருவி இடும் வரிசை எண்ணோ எச்சுவரையும் சுட்டாது. கோயிலின் பெயர், சுவரின் திசை, கல்லின் வரிசை, எடுத்த நாள் ஆகியவற்றை ஒவ்வொரு படத்துக்கும் அன்றே எழுதிவிடுதல் நன்று. மறுவாரம் பார்க்கும்போது கற்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.