மூச்சு வாங்கும் வாகனம்

கினிகத்தேனையைக் கடந்து வட்டவளையை நோக்கி ஏறும் பாதையில் பழைய டீசல் வான் ஒன்றின் பின்னால் சென்றவர்களுக்கு அது கக்கும் கரும்புகையைப் பற்றி நான் வருணிக்க வேண்டியதில்லை.

அத்தகைய வானொன்றில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் திரட்டியிருந்தார். "சேர், வேறு எஞ்சின் போடுவதா, இருக்கிற எஞ்சினுக்கு டர்போ பூட்டுவதா? கராஜில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்" என்றார். நான் கற்பிப்பது பௌதிகம், வாகனம் திருத்துவதன்று. ஆயினும் அவர் கேள்வியில் பாதி பௌதிகமே. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்பட்ட போதிலும், புதிய வான் வாங்குவது அவரைப் போன்றோருக்குக் கனவே.

உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறது. மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட வட்டவளையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கும், நுவரெலியாவில் ஆறில் ஒரு பங்கும் குறைவு. தானே மூச்சிழுக்கும் எஞ்சினுக்கு அவ்வளவு காற்று நட்டம். பழைய டீசல் பம்போ வழக்கமான அளவு எண்ணெயையே ஊட்டுகிறது. எரியாத மிச்சந்தான் அந்தக் கரும்புகை.

டர்போ இக்குறையைத் தீர்க்கவல்லது. வெளியேறும் புகையின் விசையால் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சுவிட்சர்லாந்தின் அல்பிரட் பூகி 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கரான ஸான்போர்ட் மொஸ் ஒரு விமான எஞ்சினைப் பதினாலாயிரம் அடி உயரமான பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டு சென்றார். தாழ்நிலத்தில் 350 குதிரை வலு தந்த அது, உச்சியில் 230க்குச் சரிந்தது; டர்போ பூட்டியதும் 356ஐத் தொட்டது!

இதைக் கேட்டதும் மாணவரின் முகம் மலர்ந்தது. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்.

மொஸ் கொண்டு சென்றது நல்ல எஞ்சின். டர்போ மூச்சைத் தருமேயன்றி நோயைத் தீர்க்காது. அமுக்கிய காற்றோடு எண்ணெயும் கூடுதலாக எரிய, பிஸ்டன், ஹெட், கேஸ்கட் யாவும் அதிகச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். டர்போவுக்கென்றே எஞ்சின் செய்வோர் அமுக்க விகிதத்தைக் குறைப்பதும், பிஸ்டனின் அடியில் ஒயிலைப் பீச்சிக் குளிர்விப்பதும் இதனாலேயே.

பிரித்தானிய ரயில்வே இதனை நன்கு அனுபவித்தது. பிரஷ் நிறுவனம் 1957 முதல் 1962 வரை அதற்கு 263 டீசல் வண்டிகளைக் கட்டியது. (நம் ரயில் பாதைக்கும் 1950களில் வண்டி அனுப்பிய நிறுவனமே அது.) முதல் இருபதில் 1,250 குதிரை வலு தந்த மிர்லீஸ் எஞ்சினைப் பின்வந்தவற்றில் 1,365ஆகவும், சிலவற்றில் அதற்கு மேலும் உயர்த்தினர். எஞ்சின்களில் வெடிப்புக் கண்டது. முடிவில் 1960களிலேயே வேறு நிறுவனத்தின் எஞ்சினை வாங்கிப் பொருத்த நேர்ந்தது.

"தம்பி, முதலில் கம்ப்ரஷன் பார்த்து வாரும்" என்று அனுப்பினேன். நான்கு சிலிண்டர்களில் இரண்டு தளர்ந்திருந்தன. ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவெனப் புகை வந்ததாம். அதற்குப் பின் வாதத்துக்கு இடமேது?

எஞ்சின் மாற்றுவதும் எளிதன்று. வேறு வகை எஞ்சினென்றால் கியர்ப்பெட்டி, தாங்கிகள், வயர்கள் யாவும் வம்புக்கு வரும். ஆகவே அதே வகையையே தேடச் சொன்னேன். வலு கூடாதே என்று குறைப்பட்டார். பிள்ளைகளை ஏற்றிய வாகனத்துக்கு மலை ஏறும் வேகத்தைவிட இறங்கும்போது பிடிக்கும் பிரேக்கே முக்கியம் என்பது என் கட்சி. மிஞ்சும் பணத்தை அதில் போடுமாறு கூறினேன். புதிய எஞ்சினின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டுமாதலால், விற்பனைச் சிட்டையைப் பத்திரப்படுத்தவும் சொன்னேன்.

கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் பாஸையும் அழைத்துச் சென்று, ஓட்டிப் பார்த்தே வாங்கி வந்தார். வான் இப்போதும் அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில்தான் ஏறுகிறது. புகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. சங்கிலி இன்னும் அடகில்தான்.