தீவைக் காக்கும் ஆட்டத்தில் தோட்டத்து மக்கள் எங்கே?

பலகை விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்குத் தாயம், பாம்பு ஏணி, கேரம், சைடினா ஆகியவைதாம் நினைவுக்கு வரும். விதிப் புத்தகத்தைப் படித்து முடிக்கவே ஒரு மாலைப்பொழுது தேவைப்படும் ஆட்டங்களும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் ‘ஸ்பிரிட் ஐலண்ட்’. கடந்த பல்கலைக்கழக விடுமுறையில், சுங்கை பட்டாணியில் உள்ள எங்கள் வீட்டில் பல இரவுகள் இதை ஆடினோம். கூலிமில் இருந்து ஒரு தோழி பெட்டியைக் கொண்டு வந்தாள். அப்பா, அம்மா, படிவம் மூன்றில் படிக்கும் தம்பி, நான் என ஐந்து பேர் சேர்ந்தோம். நால்வர்தான் ஆட முடியும் என்பதால் அம்மாவும் நானும் ஒரே அணி.

ஆர். எரிக் ரூஸ் வடிவமைத்த இந்த ஆட்டம் 2017இல் வெளிவந்தது. பெரும்பாலான வியூக ஆட்டங்களில் நாம் புதிய நிலத்தைப் பிடித்து ஊர் கட்டுவோம். இதில் எல்லாம் தலைகீழ். கப்பலில் வந்து இறங்கும் குடியேற்றக்காரர்களிடமிருந்து தீவைக் காப்பாற்றும் ஆவிகள் நாம். ‘டஹான்’ எனும் தீவின் மக்கள் நமக்குத் துணை. ஒருவரையொருவர் தோற்கடிக்க முடியாது. வென்றால் எல்லாரும் வெல்வோம், தோற்றால் எல்லாரும் தோற்போம்.

ஒவ்வோர் ஆவிக்கும் தனிக் குணம் உண்டு. மின்னல் ஆவி வேகமாகத் தாக்கும், ஆனால் எதையும் காக்கத் தெரியாது. நில ஆவி மெதுவானது, ஆனால் தாங்கிப் பிடிக்கும். விதிகள் ஆங்கிலத்தில் இருந்ததால் முதல் நாள் அம்மா சற்று ஒதுங்கியே இருந்தார். நான் ஒவ்வோர் அட்டையையும் தமிழில் சொல்லத் தொடங்கிய பிறகு அவரே பெயர் வைத்துவிட்டார். மின்னல் ‘முனியாண்டி’ ஆனது. நிலம் ‘எல்லையம்மன்’ ஆனது. அதன் பிறகு எந்த அட்டை யாருடையது என்று யாரும் குழம்பவில்லை.

அப்பாவுக்கு வேறு வழியில் புரிந்தது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆட்டால் புலியை வெட்ட முடியாது. கூட்டாகச் சூழ்ந்து நகர விடாமல் அடைக்கத்தான் முடியும். “அப்படின்னா நாம இங்க ஆடு,” என்றார் அப்பா. நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

எதிரியின் நகர்வுதான் இந்த ஆட்டத்தின் மையம். குடியேற்றக்காரர்களை யாரும் இயக்குவதில்லை, அட்டைகள் இயக்குகின்றன. இந்தச் சுற்றில் ‘காடு’ அட்டை வந்தால் காட்டில் ஆய்வாளர்கள் நுழைவார்கள். அடுத்த சுற்றில் அங்கே ஊர் எழும்பும். அதற்கடுத்த சுற்றில் நிலம் சூறையாடப்படும். ஆபத்து எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரியும், ஆனால் எல்லா இடத்தையும் காக்கக் கைகள் போதாது. எதை விடுவது, எதைக் காப்பது என்று மேசையில் வாக்குவாதம் நடக்கும்.

பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த அப்பா, அந்த வரிசையைப் பார்த்துச் சிரித்தார். “மொதல்ல ஒருத்தன் வந்து அளப்பான். அப்புறம் பங்களா கட்டுவான். அப்புறம்தான் காடு விழும்.” பிறகு கேட்டார்: “எல்லாம் சரி, இதுல நம்ம ஆளுங்க எங்க?”

எங்களிடம் பதில் இல்லை. டஹான் மக்கள் மண்ணின் மைந்தர்கள். குடியேற்றக்காரர்களோ நிலத்தைப் பிடிக்க வந்தவர்கள். அவர்களுக்காகக் காட்டை வெட்ட அழைத்து வரப்பட்டவர்களுக்கு அந்தப் பெட்டியில் ஒரு காய்கூட இல்லை.

2002இல் வெளிவந்த ‘போர்ட்டோ ரிக்கோ’ என்ற புகழ்பெற்ற ஆட்டத்தில் நாம் கரும்பும் புகையிலையும் விளைவிக்கும் தோட்ட முதலாளிகள். கப்பலில் வரும் பழுப்பு நிற வட்டுகளை எடுத்துத் தோட்டத்தில் வைத்தால்தான் விளைச்சல். விதிப் புத்தகம் அவற்றைக் ‘குடியேறிகள்’ என்கிறது. ‘ஸ்பிரிட் ஐலண்ட்’டின் கூடுதல் பெட்டி ஒன்றில் அடிமைகளின் கிளர்ச்சி வருகிறது, அதுவும் ஒரு நிகழ்வு அட்டையாக மட்டுமே.

நம் கதையோ இதற்கு மிக அருகில் இருக்கிறது. 1909 ஒப்பந்தத்தின்படி கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்திற்கு மாறியது. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்த பிறகும், கங்காணிகள் வழியாகத் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை விதித்த பிறகே அது நின்றது. காட்டை அழித்தது அவர்கள் கைகள்தாம்; லாபம் பார்த்ததோ வேறு கைகள்.

மறுநாள் தம்பி ஒரு பிடி ரப்பர் கொட்டைகளைக் கொண்டு வந்தான். எதிரி ஓர் ஊர் கட்டினால் அங்கே ஒரு கொட்டை வைப்பது என்று முடிவு செய்தோம். கொட்டை இருந்தால் அங்கே அழிவு ஒன்று கூடும். ஒரே நிலத்தில் மூன்று கொட்டைகள் சேர்ந்தால் அந்தச் சுற்றில் அங்கே அழிவே இல்லை; அது வேலைநிறுத்தம். ஆட்டம் எளிதாகிவிடும் என்று தோழி மறுத்தாள். “மூணு பேர் சேர்றது அவ்வளவு லேசா?” என்று அப்பா கேட்டார். இந்த விதிக்குத் ‘தொண்டர் படை’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அது என்ன என்று தம்பி கேட்டபோதுதான், தாத்தா சொன்னதாக அப்பா அந்தக் கதையைச் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குப் பின், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தலைமையில் கெடா தோட்டங்களில் திரண்ட இயக்கம் அது. கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947இல் அரசு அதை அடக்கியது. எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நடந்ததை, இருபது வயதில், ஒரு பலகை ஆட்டத்தின் நடுவில் கேட்டேன்.

நண்பர்களே, இத்தகைய ஆட்டங்கள் திட்டமிடவும் கூடிப் பேசி முடிவெடுக்கவும் பழக்குகின்றன. அத்துடன் இன்னொன்றையும் செய்து பாருங்கள். எந்த ஆட்டமானாலும், அதில் நீங்கள் யாருடைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். யாருக்குக் காயே இல்லை என்றும் பாருங்கள். விதிகளைத் தமிழில் சொல்லி வீட்டுப் பெரியவர்களையும் மேசைக்கு அழையுங்கள். பெரட்டுக் களத்தையும் லயத்து வீட்டையும் நேரில் கண்டவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அட்டையில் எழுதாத விதிகள் அவர்களுக்குத் தெரியும்.