உங்களுக்குத் தெரியுமா? மனநோயைத் தணிப்பது மின்சாரம் அல்ல, வலிப்பு!

‘ஷாக் ட்ரீட்மென்ட்’ என்றதும் சினிமாவில் கட்டிலோடு துடிக்கும் உடல்தான் நினைவுக்கு வரும். இன்றைய மின்னதிர்வு சிகிச்சையில் நோயாளி மயக்கத்தில் இருப்பார். தசைகளும் மருந்தால் தளர்ந்திருக்கும். மருந்து ஏறுமுன் ஒரு கணுக்காலில் பிபி பட்டையை இறுக்கிவிடுவதும் உண்டு. அந்தப் பாதத்துக்கு மட்டும் மருந்து போகாது. மூளையில் வலிப்பு ஓடுவதை அதன் லேசான அசைவே காட்டிவிடும்.

சில விநாடி மின்சாரம் தூண்டும் அந்த வலிப்பு, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். அதை அடக்க மூளை தன் சொந்தத் தடுப்பு ஆற்றலைத் திரட்டுகிறது. அதனால்தான் அடுத்தடுத்த அமர்வுகளில் வலிப்பைத் தூண்டுவது கடினமாகிறது! நரம்பு செல்களை வளர்க்கும் புரதங்கள் கூடுவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி சற்றுப் பெரிதாவதை ஸ்கேன்களில் கண்டிருக்கிறார்கள். எனினும் முழு விளக்கம் இன்னும் எட்டவில்லை. தற்காலிக மறதி வரலாம். சிலருக்குப் பழைய நினைவுகள் சில திரும்பாமலும் போகலாம். இதை மருத்துவர் முன்பே சொல்லியாக வேண்டும்.

1938இல் ரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கியபோது மயக்க மருந்து இல்லை. இன்று இந்தியாவில் அப்படிச் செய்வது குற்றம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடுப்பதும் அதே பிரிவுதான். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் கட்டுண்டபடியே 28 பேர் கருகிய தமிழ்நாட்டுக்கு இதன் அருமை தெரியும்.

கடலூர், சிதம்பரம் வட்டார மக்கள் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலத் துறையில் தயங்காமல் ஆலோசனை கேட்கலாம்.