மலையேறுமுன் தண்ணீர்ப் பம்பைப் பாருங்கள்

மும்பைவாழ் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல ரயிலை மட்டுமே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் சொந்தக் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் பல. பாட்டியையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு புனே, சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாகத் திருநெல்வேலி சென்றடைய ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஆகும். இந்நெடும்பயணத்தில் காரின் உடல்நலத்தைச் சோதிக்கும் இடங்கள் சில உள. அவற்றுள் முதலாவது, மும்பையை விட்டு இரண்டு மணி நேரம் கடப்பதற்குள்ளாகவே வந்துவிடுகிறது. கோபோலிக்கும் கண்டாலாவுக்கும் இடையேயுள்ள போர் காட் என்னும் மலைவழியே அது.

1830ஆம் ஆண்டில் அப்போதைய பம்பாய் கவர்னர் சர் ஜான் மால்கம் இம்மலையில் வண்டிப்பாதையைத் திறந்துவைத்தார். 2002ஆம் ஆண்டு முதல் ஆறு தடங்கள் கொண்ட விரைவுச்சாலை முழுமையாக இயங்கி வருகிறது. பாதை அகன்றதே தவிர மலை தாழ்ந்துவிடவில்லை. கடல்மட்டத்தை ஒட்டிய மும்பையிலிருந்து புறப்பட்டு, லோணாவலாவை எட்டும்போது ஏறத்தாழ 600 மீட்டர் உயரம் ஏறியிருக்கிறோம். மே மாத வெயிலில், ஆட்களும் மூட்டைகளும் நிறைந்த காரில், முன்னால் ஊர்ந்து செல்லும் லாரிகளின் பின்னே தாழ்ந்த கியரில் ஏறும்போதுதான் எஞ்சினின் வெப்பம் உச்சத்தை அடைகிறது. அந்த வேளையில் நம்மைக் காப்பது, பெரும்பாலோர் ஒருமுறையேனும் கண்டிராத ஒரு சிறு உறுப்பாகும். அதன் பெயர் தண்ணீர்ப் பம்பு.

அதன் பணி யாது? எஞ்சினில் பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே இயக்கமாக மாறுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பகுதியை எஞ்சினுக்குள் ஓடும் நீர் சுமந்து சென்று ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீள்கிறது. இந்நீரை இடையறாது சுழலச் செய்வதே பம்பின் கடமை. ஹென்றி போர்டு 1908இல் வெளியிட்ட டி மாடல் கார்களில், தொடக்கத்தில் வந்த சில நீங்கலாக, பம்பே கிடையாது. சூடேறிய நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியே அவற்றுக்குப் போதியதாக இருந்தது. எஞ்சின்களின் ஆற்றல் பெருகப் பெருக அவ்விதி மட்டும் போதாமற் போயிற்று.

மும்பைவாசிகளுக்கு இந்தப் பம்பை நன்கு அறிமுகப்படுத்தியது பியட் காரே எனலாம். 1944இல் தொடங்கப்பெற்ற பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை, செம்பூருக்கும் தாராவிக்கும் அண்மையிலுள்ள குர்லாவில் இருந்தது. அங்கு உருவான பியட் 1100, பின்னர் பிரீமியர் பத்மினி என்னும் பெயர் பூண்டு, இந்நகரின் கறுப்பு மஞ்சள் டாக்சியாகப் புகழ்பெற்றது. டாக்சிகளுக்கு விதிக்கப்பட்ட 20 ஆண்டு வரம்பின்படி, 2003 அக்டோபரில் பதிவான கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வுபெற்றது. ஆயினும் சொந்த உபயோகத்துக்கான பத்மினிகளைப் பேணிக் காப்போர் இன்றும் நம்மிடையே உளர். எஞ்சினின் முன்புறத்தில் பம்பு, அதே தண்டில் விசிறி, இரண்டையும் சுழற்ற ஒரு பெல்ட் என்ற அமைப்பு, வீட்டிலேயே பம்பு மாற்றக் கற்பவர்க்கு மிகவும் ஏற்றது. அம்பாசடர் காரின் பழைய பெட்ரோல் எஞ்சினும் இவ்வகையைச் சேர்ந்ததே.

தண்ணீர்ப் பம்பு பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வீழ்வதில்லை. பம்பின் உடலில், தண்டுக்குக் கீழே, ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே நீரைத் தடுத்து நிறுத்தும் சீல் தேய்ந்தவுடன், கசியும் நீர் பேரிங்கைக் கெடுத்துவிடாமல் வெளியேறுவதற்காகவே அத்துளை வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து துளி சொட்டினாலும், அதைச் சுற்றி வெள்ளை, பச்சை அல்லது துரு நிறத்தில் உப்பு படிந்திருந்தாலும், பம்பின் ஆயுள் முடிவை நெருங்குகிறதென்று பொருள். சிலர் அத்துளையைப் பசை வைத்து அடைத்துவிடுகின்றனர். அவ்வாறு அடைத்தால் வெளியேற வழியில்லாத நீர் பேரிங்கினுள் புகும். பேரிங் உடைந்தால் தண்டு ஆடி, விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடக்கூடும். சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய செலவு பன்மடங்காவது இவ்வாறே.

வேறு அறிகுறிகளும் உண்டு. எஞ்சினை நிறுத்தி, அது குளிர்ந்தபின் விசிறியின் இறக்கையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கீச்சொலியோ உராயும் ஒலியோ முன்புறத்தில் கேட்பது மற்றோர் எச்சரிக்கை. வெப்பமானியின் முள்ளும் ஒரு செய்தி சொல்லும். சயான் சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்குமாயின் குறை பெரும்பாலும் விசிறியில் இருக்கும். மாறாக, வேகமாகச் செல்லும்போதும் ஏற்றத்திலும் முள் ஏறுமாயின் நீரோட்டத்தில் தடை உண்டு. அப்போது பம்பு, தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூன்றையும் சோதிக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியையும் மறவாதீர்கள். 600 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதனாலேதான் காரின் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாதிருக்கிறது.

இனி மாற்றும் முறையைக் காண்போம். பத்மினி போன்ற அமைப்புடைய கார்களுக்கே இது பொருந்தும். சமதளமான இடமும் ஒரு முழு விடுமுறை நாளும் தேவை. கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் செய்வதாயின் சொசைட்டியின் அனுமதியை முன்கூட்டியே பெறுவது நன்று.

எஞ்சின் முற்றும் குளிர்ந்த பிறகே தொடங்க வேண்டும். ஆகவே முன்னிரவே காரை நிறுத்திவிட்டு விடியற்காலையில் கைவைப்பது உத்தமம். சக்கரங்களுக்குக் கல் வைத்து, பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். ரேடியேட்டரின் அடியிலுள்ள குழாயைத் திறந்து நீரை ஓர் அகன்ற பேசினில் பிடியுங்கள். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்து, விசிறியைக் கழற்றுங்கள். இடம் போதாவிடில் ரேடியேட்டரையும் கழற்றிவிடுவது நல்லது. அதன் மெல்லிய தகடுகளில் ஸ்பானர் பட்டால் ஓட்டை விழும்.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமானவை என்று கருதிவிடக் கூடாது. ஓர் அட்டையில் பம்பின் உருவை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்திவைப்பது பழைய மெக்கானிக்குகளின் நல்வழக்கம். பம்பு வெளிவந்ததும் திறந்த வாயில்களில் துணியைச் செருகிவிட்டு, பழைய காஸ்கெட்டைச் சுரண்டி எடுங்கள். அலுமினியப் பரப்பானால் கூரிய உளியை உபயோகியாதீர்கள். ஒரு கீறலே கசிவுக்குப் போதும்.

புதிய பம்பைப் பொருத்துமுன் பழையதன் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். போல்ட் துளைகள், தண்டின் நீளம், இம்பெல்லரின் ஆழம் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இதற்காகவே, கடைக்குச் செல்லும்போது பழைய பம்பைக் கையோடு கொண்டுசெல்வது வழக்கம். புதிய காஸ்கெட்டை வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குச் சென்றால் பம்பு கோணலாக அமரும். பெல்ட்டை மாட்டியபின், அதன் நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் அமிழ வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் புதுப் பம்பின் பேரிங்கே தேயத் தொடங்கும்.

நிரப்புவதற்குக் கூலண்டும் வடிநீருமே ஏற்றவை. போர்வெல் நீரிலுள்ள உப்பு உள்ளே படிந்து, நாளடைவில் நீரோட்டத்தைக் குறைத்துவிடும். மூடியைத் திறந்துவைத்தபடி குளிர்ந்த எஞ்சினை ஓட்டித் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருந்தால், உள்ளே தங்கிய காற்று குமிழிகளாய் வெளிவரும். நீர்மட்டம் இறங்க இறங்கச் சேர்த்து மூடுங்கள். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, மீண்டும் மட்டத்தையும் கசிவையும் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

பேசினில் பிடித்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் கொடிய நஞ்சு. குழந்தைகளும் தெருநாயும் பூனையும் அதன் இனிப்பால் ஏமாறக்கூடும். மூடியுள்ள பாத்திரத்தில் அடைத்துப் பட்டறையில் சேர்ப்பதே முறை.

இக்காலக் கார்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பலவற்றில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை நிர்ணயிக்கும் பெல்ட்டும் அதுவே. அதைக் கழற்றி மாட்டுகையில் ஒரு பல் பிசகினாலும் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி உடைந்துவிடும். அத்தகைய கார்களை அனுபவமுள்ள பட்டறையிடம் விடுவதே அறிவுடைமை. ஆயினும் அங்கும் உரிமையாளர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டைமிங் பெல்ட்டை மாற்றும்போதே அது சுழற்றும் பம்பையும் மாற்றிவிட்டால், பம்புக்காக மறுபடி எல்லாவற்றையும் பிரிக்கும் கூலி மிச்சமாகும்.

இத்தனை முன்னெச்சரிக்கையையும் மீறி மலையில் எஞ்சின் கொதித்துவிட்டால் என் செய்வது? ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். குடும்பத்தாரைச் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் பத்திரமாக நிற்கச் செய்யுங்கள். சூடு தணியாமல் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீரும் ஆவியும் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. சிலிண்டர் ஹெட் வெடிக்கலாம். ஒரு மணி நேரம் பொறுத்திருப்பதால் ஊர் சேரத் தாமதமாகுமே யன்றி வேறு நஷ்டம் இல்லை. முள் சிவப்பைத் தொட்டபின்னும் லோணாவலா வரையேனும் சென்றுவிடலாம் என்று ஓட்டுவோரே ஹெட் வளைந்து, பெருஞ்செலவுக்கு ஆளாகின்றனர்.

ஆகவே, அன்பர்களே, பயணத்துக்கு இரு வாரங்கள் முன்பே ஒரு காலையில் பானெட்டைத் திறந்து, கையில் விளக்குடன் பம்பின் அடியை நோக்குங்கள். அங்கே ஒரு துளியும் இல்லையெனில் மனநிறைவோடு மூட்டைகளைக் கட்டலாம். துளி இருக்குமாயின், அதைச் சரிசெய்ய இன்னும் இரு வாரங்கள் கையில் உள.