ஆணிகள் காட்டிய வீடுகள்

பழைய மாளிகை ஒன்றின் தோட்டத்தில் இருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இருவர் கையிலும் மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டி இருக்கிறது. நீண்ட கைப்பிடி, அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டம். திடீரென்று கருவி ஒலிக்கிறது. முதலாமவர் குனிந்து தோண்டுகிறார். கையில் வருவது துருப்பிடித்த ஓர் ஆணி. அதைப் புதரில் வீசிவிட்டு நகர்கிறார். அவர் தேடுவது வெள்ளி நாணயம்.

இரண்டாமவர் தோண்டவே இல்லை. ஒலி வந்த இடத்தில் சிறு கொடி ஒன்றை நட்டுவிட்டு அடுத்த அடி வைக்கிறார். மாலையில் அவரிடம் ஒரு நாணயமும் கிடையாது. ஆனால் தரை முழுவதும் கொடிகள். அந்தக் கொடிகளைக் கொண்டு, மறைந்துபோன ஒரு வீட்டையே அவர் கண்டுபிடித்துவிடக் கூடும்!

இது கற்பனைக் கதையன்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மாண்ட்பெலியர் என்ற பண்ணை இருக்கிறது. அந்நாட்டின் நான்காவது குடியரசுத் தலைவரும் (1809-1817), அரசியலமைப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்கு கொண்டவருமான ஜேம்ஸ் மாடிசன் வாழ்ந்த இடம் அது. அவருடைய செங்கல் மாளிகை இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தப் பண்ணையில் உழுது, அறுத்து, சமைத்து உழைத்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் வழிவந்த அடிமைகள். மாடிசன் காலத்தில் சுமார் நூறு பேர் இருந்தார்கள். மாளிகைவாசிகளைப் பற்றி ஏராளமான கடிதங்கள் உண்டு. வயலடிமைகளின் குடில்கள் எங்கே நின்றன என்று குறித்து வைக்க யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. மரக் குடில்கள் மக்கிப் போயின. மேலே காடும் புல்லும் வளர்ந்துவிட்டன. சுமார் 2,650 ஏக்கர் நிலத்தில் எங்கே என்று தோண்டுவது?

மரம் மக்கும், ஆணி எளிதில் மறையாது. ஆகவே ஆணிகள் எங்கே கூட்டமாக இருக்கின்றன என்று பார்த்தால் போதுமல்லவா? அதற்குத்தான் உலோகங்காட்டி. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

1831இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலை நீங்கள் படித்திருப்பீர்கள். கருவியின் வட்டத்துக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. ஒன்றில் விநாடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப்புலமும் அவ்வாறே மாறிக்கொண்டு மண்ணுக்குள் நுழைகிறது. அங்கே ஓர் உலோகத் துண்டு இருந்தால், அதில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றும். லென்ஸ் விதிப்படி இவை தம்மைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் வகையில் ஒரு புதிய புலத்தை உண்டாக்கும். இரண்டாவது சுருள் இந்தப் புதிய புலத்தை உணர்கிறது. முதல் சுருளின் புலம் தன்னை நேரடியாகப் பாதிக்காதபடி அது அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே உலோகம் இல்லாத இடத்தில் மௌனம், இருந்தால் ஒலி.

சுழல் மின்னோட்டத்தைக் காண விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஓர் அலுமினியக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, அதனுள் வலுவான சிறு காந்தம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கீழே பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நண்பர் பொறுமை இழக்கும் அளவுக்கு அது மெதுவாக இறங்கும். காந்தத்தையே இழுத்துப் பிடிக்கும் அந்த மின்னோட்டம்தான் புதைந்த நாணயத்தையும் காட்டிக்கொடுக்கிறது.

இந்தக் கருவியின் முன்னோடி ஒன்றை, தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் பயன்படுத்தினார். குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு அவ்வாண்டு ஜூலை 2இல் சுடப்பட்டார்; குண்டு உடலில் எங்கே தங்கியது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. பெல் தம் கருவியுடன் இருமுறை வந்து தேடினார். பயனில்லை. மெத்தைக்குள் எஃகுச் சுருள்கள் இருந்தது ஒரு காரணம். வலப்பக்கம்தான் குண்டு இருக்கிறது என்று தலைமை மருத்துவர் உறுதியாக நம்பி அங்கேயே தேடவிட்டது மற்றொன்று. செப்டம்பர் 19இல் கார்ஃபீல்டு இறந்தார். குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கத்தில் இருந்தது பிறகே தெரிந்தது. தேடிய இடமே தவறு.

கருவிக்கும் எல்லை உண்டு. சற்றுத் தொலைவு சென்றபின் சுருளின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. உலோகத்திலிருந்து திரும்பி வரும் புலமும் அப்படியே. போக மூன்று, வர மூன்று: மொத்தம் ஆறு மடி. ஆழம் இரு மடங்கானால் கிடைக்கும் சைகை 64இல் ஒரு பங்காகிவிடும்! மூன்று மடங்கானால்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆணி, நாணயம் போன்ற சிறு பொருள்கள் ஏறக்குறைய ஓர் அடி ஆழத்துக்குள் இருந்தால்தான் அகப்படும். தரைக்கு அடியில் பத்தடியில் இருக்கும் புதையலைக் காட்டும் கைக்கருவி என்று யாராவது விற்க வந்தால், இந்தக் கணக்கை அவரிடமே கொடுங்கள்.

சரி, ஒலித்தது ஆணியா, நாணயமா? தோண்டாமலே ஓரளவு சொல்ல முடியும். வெள்ளியும் செம்பும் மிக நல்ல கடத்திகள். அவற்றில் எழும் சுழல் மின்னோட்டம் எளிதில் தணியாது. எனவே திரும்பி வரும் புலம், போன புலத்துக்கு நன்கு பிந்தி வருகிறது. இரும்பு ஆணியோ தானே காந்தமாகி, புலத்தோடு ஏறக்குறைய ஒத்து அசைகிறது. இந்த நேர வேறுபாட்டைக் கருவி அளந்து, வேறு வேறு ஒலியாகத் தருகிறது. அகன்ற இரும்புத் தகடு சில சமயம் வெள்ளி போல நடித்து ஏமாற்றுவதும் உண்டு.

இரும்பின் ஒலியை அடியோடு அடக்கிவிடும் வசதியும் பல கருவிகளில் இருக்கிறது. நாணயம் தேடுவோர் முதலில் செய்வது அதைத்தான். மாண்ட்பெலியரில் இதற்கு நேர்மாறு. அங்கே தொல்லியல் பிரிவை நடத்திவந்த மாத்யூ ரீவ்ஸ், 2012 முதல், பொழுதுபோக்காக உலோகங்காட்டி பிடிப்பவர்களையே வரவழைத்து, தொல்லியலாளர்களுடன் சேர்த்து வேலை செய்ய வைத்தார். இவர்களில் பலருக்கு ஒலியைக் கேட்டே பொருளைச் சொல்லும் காது உண்டு. அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்? ஒரே நிபந்தனை: இரும்பையும் கேட்க வேண்டும், எடுத்த பொருள் எதுவும் சட்டைப்பைக்குப் போகக் கூடாது. நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒலி வந்த இடங்களைக் குறித்து, வரைபடத்தில் ஏற்றினார்கள். புள்ளிகள் நெருங்கிய இடங்களில் மட்டும் கவனமாகத் தோண்டினார்கள்.

தோண்டிய ஆணி காலத்தையும் சொல்லும். கொல்லன் அடித்த ஆணியின் தண்டு சதுரமாக, நான்கு பக்கமும் கூம்பி, தலையில் சுத்தியல் தழும்புடன் இருக்கும். 1790களில் வந்த எந்திரங்கள் இரும்புத் தகட்டிலிருந்து ஆணியை வெட்டியெடுத்தன. அது இரண்டு பக்கம் மட்டுமே கூம்பியிருக்கும். நம் வீட்டில் உள்ளவை போன்ற உருண்டைக் கம்பி ஆணிகள் அமெரிக்காவில் பரவலானது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அடிமைமுறை அங்கே 1865இல் ஒழிந்தது. ஆகவே ஓரிடத்தில் கம்பி ஆணிகள் மட்டுமே கிடைத்தால், அது நாம் தேடும் குடில் அன்று. முதல் இரு வகையும் கலந்து கிடைத்தால் மாடிசனின் (1751-1836) காலத்தை நெருங்கிவிட்டோம்.

எண்ணிக்கையும் பேசும். பலகை அடித்துக் கட்டிய வீட்டுக்கு ஏராளமான ஆணிகள் வேண்டும். மரத்தடிகளின் முனைகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த குடிலுக்குச் சிலவே போதும். மாளிகைக்கு அருகே வாழ்ந்த வீட்டு வேலைக்காரர்களுக்குப் பலகை வீடுகளும், தொலைவில் வயலில் உழைத்தவர்களுக்குத் தடிக் குடில்களும் இருந்ததை இவ்வாறு பிரித்தறிய முடிந்தது. ஒரே எசமானரின் அடிமைகளுக்குள்ளும் இவ்வளவு வேறுபாடு! முதலாமவர் புதரில் வீசிய ஆணி இப்படிப்பட்ட வரைபடத்தில் ஒரு புள்ளி. இடம் மாறிய பிறகு அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தாலும் அது வெறும் பழைய இரும்புதான்.

ஆணியைச் செய்தவர்கள் யார் என்றும் கேட்கலாம். மாடிசனின் நண்பரும் அவருக்கு முந்தைய குடியரசுத் தலைவருமான தாமஸ் ஜெஃபர்சன், அதே வர்ஜீனியாவில் உள்ள மாண்டிசெல்லோ என்ற தம் பண்ணையில் 1794இல் ஆணிப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். உலைக்கு முன்னால் நாள் முழுவதும் நின்று ஆணி அடித்தவர்கள் அடிமைச் சிறுவர்கள். பத்து வயது முதல் பதினாறு வரை, ஏறக்குறைய உங்கள் வயது.