அமீரகத்தில் எந்தக் கதவைத் தட்டுவது?

அல் நஹ்தா என்ற பெயரில் இரண்டு குடியிருப்புப் பகுதிகள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. ஒன்று துபாயில், மற்றது ஷார்ஜாவில். எல்லையைத் தாண்டினால் போலீஸ் மாறும், வாடகை விதி மாறும். துபாயில் உரிமம் உள்ள இடங்களில் கிடைக்கும் மது, ஷார்ஜாவில் அறவே கூடாது. துபாயில் வேலை, வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் ரூம் என வாழும் நம் ஆட்கள் தினமும் இந்த எல்லையைக் கடக்கிறார்கள். சம்பளம் நின்றுபோனால் யாரிடம் போவது என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். அது தெரிய, நாடு எப்படி ஆளப்படுகிறது என்பது கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

1971 டிசம்பர் 2-ல் ஆறு எமிரேட்டுகள் சேர்ந்து ஐக்கிய அரபு அமீரகம் உருவானது. அடுத்த பிப்ரவரியில் ராஸ் அல் கைமா சேர, ஏழானது. ஒவ்வொன்றுக்கும் பரம்பரை ஆட்சியாளர் உண்டு. ஏழு ஆட்சியாளர்களும் கூடும் உச்ச மன்றமே மேலான அதிகார பீடம். முக்கிய முடிவுக்கு ஐந்து பேர் சம்மதம் வேண்டும். அந்த ஐவரில் அபுதாபியும் துபாயும் இருந்தாக வேண்டும். அதிபராக இதுவரை அபுதாபி ஆட்சியாளரே இருந்துவருகிறார். 40 பேர் கொண்ட தேசிய மன்றம் ஒன்றும் இருக்கிறது. 2006 முதல் பாதிப்பேர் தேர்தலில் வருகிறார்கள். ஆனால் அவர்கள் ஆலோசனைதான் சொல்ல முடியும். கட்சி கிடையாது, தொழிற்சங்கமும் கிடையாது.

எண்ணெய் வளம் அந்தந்த எமிரேட்டின் சொத்து. விசா, தொழிலாளர் சட்டம் ஆகியவை மத்திய அரசின் கையில். அதனால் 2021-ன் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் ஏழு எமிரேட்டுக்கும் ஒன்றே. நீதிமன்றம் மட்டும் ஒன்றல்ல: அபுதாபி, துபாய், ராஸ் அல் கைமா போன்றவற்றுக்குத் தனி நீதித்துறை உண்டு. துபாயின் டி.ஐ.எஃப்.சி. போன்ற நிதி மண்டலங்களுக்குத் தொழிலாளர் சட்டமே வேறு. வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் தனிச் சட்டம்தான்.

சம்பளம் வரவில்லை என்று, ஊரில் பழகியபடி தொழிலாளர் கேம்பில் எல்லோரும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடக் கூடாது. அங்கே வேலைநிறுத்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஊருக்கே அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் காணவில்லை என்றால் 'ஓடிப்போனவர்' என்று கம்பெனி புகார் கொடுக்கலாம். இறந்த நண்பரின் குடும்பத்துக்காக வாட்ஸ்அப்பில் பணம் திரட்டுவதும் அனுமதியின்றிச் செய்தால் குற்றம். நல்ல மனதோடு செய்தேன் என்ற பதில் அங்கே உதவாது.

உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைக்கக் கூடாது; வேலைக்கு எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். ஆஃபர் லெட்டரில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். மொத்தம் 1,800 திர்ஹம் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். அதில் அடிப்படை 800 மட்டும் இருக்கும். முதல் ஐந்து வருடத்துக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம்தான் கிராஜுவிட்டி. மூன்று வருடம் உழைத்தவருக்கு இந்தக் கணக்கில் 1,680 திர்ஹம். அடிப்படை 1,500 என்று இருந்திருந்தால் 3,150 கிடைத்திருக்கும்.

சம்பளம் வரவில்லையா? மனிதவள அமைச்சகத்தின் ஆப்பிலோ 80084 என்ற எண்ணிலோ புகார் கொடுக்கலாம். ஷார்ஜாவில் தங்கியிருந்தாலும் துபாயில் வேலை பார்த்தாலும் முதல் கதவு இதுதான். 2024 முதல், 50,000 திர்ஹத்துக்கு உட்பட்ட வழக்கில் அமைச்சகமே தீர்ப்பு சொல்லலாம். அதற்கு மேற்பட்டு, சமரசமும் ஆகாத வழக்கு நீதிமன்றம் போகும். 1,00,000 திர்ஹம் வரையிலான தொழிலாளர் வழக்குக்குக் கட்டணம் இல்லை. இந்தியர்களுக்கு துபாய் துணைத் தூதரகத்தின் உதவி மையமும் உண்டு: 80046342.

வேலை முடிந்த இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம் என்கிறது இப்போதைய சட்டம். ஆனாலும் ஊர் திரும்பிய பிறகு வழக்கு நடத்துவது பெரும்பாடு. விசா கேன்சல் செய்யும்போது நீட்டப்படும் படிவத்தில், எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கும். விமான டிக்கெட்டைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். பணம் கைக்கோ கணக்குக்கோ வந்து சேரும்வரை அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.